செத்த கம்ப்யூட்டர் பாடிய ஆடி ஞாயிறு

எங்கள் தெரு அம்மன் கோயிலில் பாட்டுப் போட்ட முதல் கம்ப்யூட்டர் எங்கள் வீட்டுடையது. அது செத்துப்போன பிறகுதான் பாடத் தொடங்கியது என்பது வேறு விஷயம்.

கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டி இருந்த எங்கள் தெருவுக்கு அந்தக் கம்ப்யூட்டர் அம்மாவின் இடுப்பில் வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம், நந்தனத்தில், அம்மா வேலை செய்துவந்த வீட்டில் புதிதாக லேப்டாப் வாங்கியிருந்தார்கள். பழையதை, "உன் பொண்ணு படிக்கட்டும்" என்று கொடுத்துவிட்டார்கள். டிவி மாதிரி இருந்த திரையை மாமா சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். பெட்டியை மட்டும் அம்மா யாரிடமும் தரவில்லை. தண்ணீர்க் குடம் வைக்கிற இடுப்பில் வைத்துப் பாலம் முழுக்க நடந்தே கொண்டுவந்தாள். எதிரே வருகிறவர்கள் அது என்னவென்று கேட்க வேண்டும் என்பதற்காகவே மெதுவாக நடந்தாள் என்று மாமா பிற்பாடு சொல்வார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா போனதில்லை. லாரி ஓட்டிக்கொண்டு மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருந்த அப்பாவும் போனதில்லை. எங்களோடு இருந்த அம்மாவின் தம்பி, என் மாமா, மழைக்குக்கூட அந்தப் பக்கம் ஒதுங்கியதில்லை. இதை இப்போது எழுதும்போதும் என் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்துவிடுகிறது. ஏழாவது படித்துக்கொண்டிருந்த அப்போதைய கழுத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தெருவில் யாருக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தாலும், ரேஷன் கடையில் ஏதாவது எழுதி ஒட்டியிருந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். டாக்டர் சீட்டையும் நீட்டுவார்கள். அந்த எழுத்து எனக்கும் புரியாது. ஆனாலும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, மருந்துக் கடையிலேயே ஒரு தடவை கேட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்புவேன்.

அப்படிப்பட்டவள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தால் பூசை இல்லாமலா? தெருவே எங்கள் வாசலில் நின்றது. மாமா ஒயர்களை மாட்டினார். அம்மா எலுமிச்சம்பழத்தை நறுக்கிப் பெட்டிக்கு இரண்டு பக்கமும் வைத்தாள். கற்பூரம் காட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட மரியாதையோடு சுட்டுவிரலால் பொத்தானை அமுக்கினேன். பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே ஏதோ சுற்றத் தொடங்கியது. கூட்டத்தில் யாரோ, "ஆங், வந்துகினே கீது" என்றார்கள். அந்த நேரம் பார்த்துத் தெருவின் கரண்ட் ஒரு தடவை சோர்ந்து, பிறகு தேவைக்கு மேல் துள்ளியது. படக்கென்று ஒரு சத்தம், கருகல் வாசனை. கற்பூரம் அணைவதற்கு முன்பே கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது.

"கண்ணு பட்டுச்சு" என்றாள் அம்மா.

"வோல்டேஜ் பட்டுச்சு" என்றார் மாமா.

நந்தனத்து வீட்டில் மறுநாள் விசாரித்தபோது அம்மா, "நல்லா போவுதும்மா, பொண்ணு படிக்கிறா" என்று சொல்லிவிட்டாள். அடுத்த முறை கேட்டபோதும் அதையே சொன்னாள். ஆசையாகக் கொடுத்த பொருள் நம் வீட்டு வாசலை மிதித்த உடனே உயிரை விட்டது என்று எந்த வாயால் சொல்வது என்பது அவள் வாதம். கம்ப்யூட்டரை மூலையில் வைத்துத் துணி போட்டு மூடினாள். வெள்ளிக்கிழமைகளில் துணியை விலக்கி மஞ்சள் குங்குமம் வைத்தாள்.

மாமா சைதாப்பேட்டையில் ஒரு மைக் செட் கடையில் வேலை பார்த்தார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் கம்பம் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது அவர்தான். தனியாகச் சொந்தத்தில் ஒரு செட் போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. எலக்ட்ரானிக் சாமான் விற்கிற ரிச்சி தெருவில் போர்டு வாங்கி, எங்கிருந்தோ ஒரு பழைய டிரான்ஸ்ஃபார்மரைத் தேற்றி, ஒரு ஆம்ப்ளிஃபையரைத் தானே கட்டிவிட்டார். சத்தம் கடைச் செட்டைவிட நன்றாகவே வந்தது. ஆனால் அதற்கு உடம்பு இல்லை. ஒரு பலகையில் எல்லாவற்றையும் ஆணியடித்து வைத்திருந்தார். ஒயர்கள் கோழிக்குடல் மாதிரி வெளியே கிடக்கும். முந்தின ஆடியில் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோனபோது, யாரோ போட்ட ஈரப் பூச்சரம் டிரான்ஸ்ஃபார்மர் மேல் விழுந்து பொறி பறந்தது.

கோயில் தலைவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "இந்தப் பலகைய இன்னொரு வாட்டி அம்மன் பக்கம் எத்துனு வராத நைனா. ஒரு பொட்டிகிட்டி போட்டு மூடிகினு வா. அப்பால பாட்டப் பத்திப் பேசலாம்."

அன்றிலிருந்து மாமாவின் கண் எங்கள் வீட்டு மூலையிலேயே இருந்தது. சாப்பிடும்போது பார்ப்பார். பல் விளக்கும்போது பார்ப்பார். ஒரு நாள் துணியை விலக்கி முழம் போட்டே பார்த்துவிட்டார்.

"க்கா, அது செத்து எவ்ளோ நாளாவுது? அடக்கம் பண்ணாம வச்சுகினு கீற."

"அது பாப்பாவோட கம்ப்யூட்டர்டா."

"பொணத்துக்கு வாராவாரம் குங்குமம் வக்கிற ஒரே வீடு நம்ம வீடுதான்."

"பாப்பா குடுத்தா எத்துக்கோ. எங்கிட்ட கேக்காத."

நான் கொடுத்துவிட்டேன். காரணம், பெட்டியின் முகப்பில் எழுத வேண்டிய எழுத்துகளை எல்லாம் நானே எழுதலாம் என்று மாமா ஆசை காட்டியிருந்தார்.

அந்த ஒரு வாரம் எங்கள் வீடு பட்டறையாக இருந்தது. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் மாமா உள்ளே கையை விட்டு மூலை மூலையாக அளந்து பார்த்தார். யாரோ தனக்காகவே அளவெடுத்துச் செய்து அனுப்பியது மாதிரி இருக்கிறது என்றார். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுத்த டப்பா இருந்த இடத்தில் டிரான்ஸ்ஃபார்மர் அப்படியே உட்கார்ந்தது. சூட்டை வெளியே தள்ளுவதற்குப் பின்பக்கம் மின்விசிறி தயாராக இருந்தது. சிடி போடுகிற வாயில் ஒரு தகட்டை வெட்டிப் பொருத்தி, அதில் துளை போட்டு மூன்று திருகுகளை வைத்தார். முன்பக்கத்தில் பென்டிரைவ் செருகுகிற ஓட்டை இருந்தது. அதைப் பாட்டுப் போடுகிற சின்னப் போர்டோடு இணைத்துவிட்டார். நான் பூசையன்று அமுக்கிய அதே பொத்தான்தான் இப்போது ஆம்ப்ளிஃபையருக்கும். அமுக்கினால் அதே பச்சை விளக்கு எரியும். இந்த முறை எரிந்துகொண்டே இருந்தது. நான் பக்கத்து வீட்டு அத்தையின் நகப்பூச்சை வாங்கி, திருகுகளுக்குக் கீழே சத்தம், கனம், கீச்சு என்று எழுதினேன். வால்யூம், பேஸ், டிரெபிள் என்று ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி மாமா கெஞ்சினார். பாட்டு தமிழ்ப் பாட்டுதானே என்று கேட்டு வாயை அடைத்தேன்.

தகரப் பெட்டி என்பதால் ஷாக் அடிக்கக் கூடாது என்று பெட்டியின் அடியில் ஒரு ஒயரை முடுக்கி, அதன் மறுமுனையை ஒரு இரும்புக் கம்பியில் கட்டி, கோயிலுக்குப் பின்னால் ஆற்றங்கரை ஈரத்தில் அடித்து இறக்கினார். தலைவர் வந்து பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். புறங்கையால் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

"இன்னாபா, கம்ப்யூட்டர்லயே பாட்டுப் போடறியா" என்றார். ஆடி மூன்றாவது ஞாயிறு, கூழ் ஊற்றுகிற அன்று, மைக் செட் மாமாவுடையது என்று முடிவாயிற்று. அது நல்லபடியாக நடந்தால் மார்கழிக்கும் அவரே என்று தலைவர் சொல்லிவிட்டுப் போனார். மாமா அன்றைக்கே கடை முதலாளியிடம், அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சொந்த வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அவர் வாயிலிருந்து 'சொந்த' என்ற சொல் வந்து நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த ஞாயிறு விடிந்ததிலிருந்து பெட்டி பாடிக்கொண்டிருந்தது. தெரு முழுக்க வேப்பிலைத் தோரணம். பெரிய அண்டாவில் கூழ் கொதித்தது. கூழுக்குத் தொட்டுக்கொள்ள ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சட்டி கருவாட்டுக் குழம்பு போக வேண்டும். அம்மா தன் சட்டியைக் கொண்டுபோய்க் கோயில் பந்தலில் வைத்துவிட்டு, கை கழுவ வீட்டுக்கு வந்திருந்தாள். அப்போதுதான் போன் அடித்தது. அம்மாவின் கை ஈரமாக இருந்ததால் நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தேன். நந்தனத்து வீட்டம்மா.

"ஞாயித்துக்கிழமைல கூப்பிடறேன்னு நினைச்சுக்காதேம்மா. நாளைக்கு அவருக்கு வருஷத் திதி. பையன் வந்திருக்கான், அமெரிக்காலேர்ந்து. மாட்டி வைக்க நல்லதா ஒரு போட்டோ இல்லை. அவர் எடுத்தது, அவரை எடுத்தது எல்லாம் அந்தப் பழைய கம்ப்யூட்டர்லதான் இருக்காம். இப்பதான் சொல்றான். வேற எங்கயும் இல்லை. அந்தப் பெட்டிய மட்டும் இன்னைக்குக் கொண்டு வந்து குடுத்துடேன். பார்த்துட்டுத் திருப்பிக் குடுத்துடறோம்."

அம்மா வாசல் வழியாகக் கோயில் பக்கம் பார்த்தாள்.

"வெயிட்டா இருந்தா பையன் காரை எடுத்துட்டு வரட்டுமா?"

"வேணாம்மா" என்று அம்மா உடனே சொன்னாள். "நானே எத்துனு வரேன்."

போனை வைத்த பிறகு அம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். அவள் அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது நான் பிறக்கவே இல்லை. சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிற வீடு அது. ஒரு ஸ்பூன் காணோம் என்று அவளை ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த நல்ல பேரைத்தான் அவள் துடைத்துக்கொண்டிருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. "வா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோயிலுக்கு நடந்தாள்.

மாமா பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, காலை ஆட்டிக்கொண்டு, சொந்தத் தொழில்காரராக உட்கார்ந்திருந்தார். அம்மா விஷயத்தைச் சொன்னாள். கால் நின்றது.

"உள்ள கீறத எடுத்துட்டுப் பொட்டிய குடுடா."

"இப்பவா? பாட்டு ஓடிகினு கீதுக்கா."

"கொடுத்தவங்க கேக்கறாங்க. கொடுத்துடணும். ஐயா போட்டோடா. வேற எங்கயும் இல்லியாம்."

மாமா பெட்டியைப் பார்த்தார். அவர் முகத்தில் இன்னொரு பயமும் வந்து சேர்ந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "க்கா, நான் மூஞ்சில மூணு ஓட்டை போட்டுட்டனே. அடியில ஒண்ணு. போட்டோல எங்கனா ஓட்டை விழுந்துகினு இருக்குமா?"

அம்மாவுக்கும் அது நியாயமான சந்தேகமாகவே பட்டது. யாருடைய முகத்தில் ஓட்டை விழுந்திருக்கும் என்று இரண்டு பேரும் ஒரு கணம் நினைத்துப் பார்த்தார்கள். நான் சிரிக்கவில்லை. சிரிக்கிற நேரமாக அது இல்லை.

"போட்டோ பொட்டியில இல்ல மாமா. ஹார்ட் டிஸ்க்குல."

"டீச்சரம்மா, செத்த சும்மா இரு."

மாமா பொத்தானை அமுக்கினார். பாட்டு பாதியில் நின்றது. தெருவே திரும்பிப் பார்த்தது. கூழ் கிண்டிக்கொண்டிருந்தவர்கள் துடுப்பைப் பிடித்தபடி நின்றார்கள். பூசாரி கருவறையிலிருந்து தலையை நீட்டினார். தலைவர் பந்தலின் மறுகோடியிலிருந்து, "இன்னாபா ஆச்சு, மறுபடியும் பொறி பறக்குதா" என்று கேட்டுக்கொண்டே வரத் தொடங்கினார். மாமா ஸ்குரூ டிரைவரை எடுத்து பக்கத் தகட்டின் முதல் ஸ்குரூவில் வைத்தார். அவிழ்த்துவிட்டால் அன்றைக்குத் திரும்பக் கட்ட முடியாது. அன்றைக்கு முடியாவிட்டால் அந்தத் தெருவில் என்றைக்கும் முடியாது.

நான் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டேன். எங்கள் பள்ளியில் ஆறு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். எல்லோருக்கும் முறை வராது என்பதால், கெட்டுப்போன ஒன்றைத் திறந்து வைத்து ஒவ்வொரு பாகமாகக் காட்டியிருந்தார் டீச்சர். கரண்ட் போனாலும் எதையும் மறக்காதது இது ஒன்றுதான் என்று சொல்லி, ஹார்ட் டிஸ்க் என்கிற அந்தச் சின்ன உலோகப் பெட்டியை எங்கள் கையில் கொடுத்துக் கனம் பார்க்கச் சொல்லியிருந்தார்.

"இது வெறும் தகரம் மாமா. சோறு இல்லாத தட்ட எத்துனு போய்க் குடுத்தா அவங்க பசி ஆறுமா? போட்டோ எல்லாம் முன்ன உள்ள இருந்த ஒரு குட்டிப் பொட்டியில கீது. இத்த அவுக்காத."

மாமா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு, ரேஷன் கடை நோட்டீஸைப் பற்றி ஏதாவது தகராறு வரும்போது சொல்வதையே இப்போதும் சொன்னாள்.

"அவ படிக்கிறா. அவ சொல்றத கேளு."

மாமா ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். பொத்தானை அமுக்கினார். பாட்டு, நின்ற இடத்தை மறந்துவிட்டு முதலிலிருந்து தொடங்கியது. தலைவர் பாதி வழியில் திரும்பிப் போனார்.

"செரி, அந்தக் குட்டிப் பொட்டி எங்க?" என்றாள் அம்மா.

மாமாவின் முகம் தொங்கிவிட்டது. கழற்றிய பாகங்களை எல்லாம் கோணியில் கட்டிச் சைதாப்பேட்டைக் காயலாங்கடையில் போட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. அது இந்நேரம் உருகி ஏதாவது அண்டாவாகியிருக்கும் என்றார்.

"எப்பிடி இருக்கும் அது?" என்று அம்மா என்னைக் கேட்டாள்.

"உள்ளங்கை அளவு. வெள்ளி மாதிரி கலரு. சின்னதா இருந்தாலும் கருங்கல்லு கணக்கா கனக்கும்."

அம்மாவின் உதடு ஏதோ அளவு பார்ப்பது மாதிரி அசைந்தது.

"அது எங் கருவாட்டுச் சட்டி மேல கீதுடி" என்றாள்.

எங்கள் தெருப் பூனைகள் மூடியைத் தள்ளத் தெரிந்தவை. மாமா கோணி கட்டிய அன்று, கனமாகவும் வழவழப்பாகவும் இருந்த ஒன்றை அம்மா எடுத்துத் தனியே வைத்துக்கொண்டிருக்கிறாள். அன்றிலிருந்து மீன் குழம்பு, கருவாட்டுக் குழம்பு எல்லாவற்றுக்கும் அதுதான் காவல். நானும் தினமும் அதைப் பார்த்திருக்கிறேன். அடுப்படியில் இருந்ததால் அது எனக்கு ஹார்ட் டிஸ்க்காகத் தெரியவில்லை.

பந்தலுக்கு ஓடினோம். அம்மாவின் சட்டி காலியாக இருந்தது. குழம்பைப் பெரிய குண்டானில் ஊற்றியிருந்தார்கள். மூடி மட்டும் இருந்தது. பாரம் இல்லை. குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அத்தையை அம்மா கேட்டாள்.

"அதுவா? நல்லா கனமா கீதேன்னு எத்தேன். காத்து இன்னா அடி அடிக்குது பாரு, கிளாஸெல்லாம் பறந்துகினு ஓடுது. தோ, அங்க வச்சுகீறேன்."

அது ஆடிக் காற்று. ஆற்றுப் பக்கத்திலிருந்து வீசியது. எங்கள் தெருவில் அன்றைக்குக் கனமாக எது இருந்தாலும் எதன் மேலாவது உட்கார்ந்திருந்தது. பேப்பர் கிளாஸ் அடுக்கின் மேல், வெயிலில் மின்னிக்கொண்டு, அது இருந்தது. அம்மா இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

நான் மட்டும் அதற்குப் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தேன். அந்த அடுக்குக்கு ஒரு கை தூரத்தில், என் உயரத்துக்கு, மாமாவின் பெரிய ஸ்பீக்கர் நின்றிருந்தது. ஸ்பீக்கரின் முதுகில் அம்மிக்கல் கணக்காக ஒரு காந்தம் உண்டு. காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும் என்றும் அதே டீச்சர் சொல்லியிருந்தார். படிக்காத இரண்டு பேருக்கும் பயம் தீர்ந்துவிட்டது. படித்தவளுக்கு அப்போதுதான் தொடங்கியது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா டிஸ்க்கைப் பூசாரியிடம் கொடுத்தாள். அவர் அது என்னவென்று கேட்காமல் அம்மன் காலடியில் வைத்து, குங்குமம் இட்டுக் கொடுத்தார். அன்று நான் வாழ்க்கையில் கும்பிடாத கும்பிடெல்லாம் கும்பிட்டேன்.

பாலத்தைத் தாண்டி நந்தனம் போகும்வரை அம்மா டிஸ்க் இருந்த மஞ்சள் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டே நடந்தாள். கதவைத் திறந்த வீட்டம்மா எங்கள் கைகளைப் பார்த்தார். மஞ்சள் பையைத் தவிர ஒன்றும் இல்லை.

"பெட்டி எங்கே?"

அம்மா நின்ற இடத்திலிருந்தே எல்லாவற்றையும் சொன்னாள். வந்த அன்றே அது செத்துப்போனதை, சொல்ல வெட்கப்பட்டதை, தம்பி அதில் பாட்டுப் பெட்டி கட்டியதை, அது இப்போது கோயிலில் பாடிக்கொண்டிருப்பதை, எல்லாம் ஒரே மூச்சில்.

வீட்டம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். "நல்லா படிக்கிறா, நல்லா படிக்கிறான்னு இத்தனை நாளா சொன்னியேம்மா."

"படிக்கிறாம்மா. கம்ப்யூட்டர் இல்லாமயே படிக்கிறா."

உள்ளேயிருந்து அவர் மகன் வந்தார். தாடி வைத்து, கதவு உயரத்துக்கு இருந்தார். அம்மா பையிலிருந்து எடுத்து நீட்டியதைப் பார்த்ததும், "இதாம்மா வேணும். பெட்டி எதுக்கு?" என்றார். நான் மாமா அங்கே இல்லையே என்று வருந்தினேன். அவர் டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்துக் குங்குமத்தைத் துடைத்தார். பிறகு மூக்குக்கு அருகே கொண்டுபோனார்.

"அக்கா, இது என்ன வாசனை?"

"கருவாடு கண்ணு" என்றாள் அம்மா, அந்தச் சைவ வீட்டின் தரையைப் பார்த்துக்கொண்டு.

"அடடா. ஊருக்கே ஊத்திட்டு எனக்கு மட்டும் வாசனையா? முந்தியெல்லாம் அம்மாவுக்குத் தெரியாம டிபன் டப்பால கொண்டு வருவீங்களே."

வீட்டம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓகோ. அது வேற நடந்திருக்கா?" என்றார். அவர் குரலில் இருந்த இறுக்கம் அந்த இடத்தில் தளர்ந்தது. அம்மாவின் தோளும் அதோடு கீழே இறங்கியது.

அவர் மகன் ஒரு ஒயரை டிஸ்க்கில் செருகி லேப்டாப்பில் மாட்டினார். நான் கேட்காமலே பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். முதலில் ஒன்றும் இல்லை. என் காதுக்குள் மாமாவின் ஸ்பீக்கர் அதிர்ந்தது. பிறகு மிக மெல்லியதாக உள்ளே ஏதோ சுற்றத் தொடங்கியது. பூசையன்று கேட்ட அதே சத்தம். ஒயரின் நுனியில் சின்ன விளக்கு சிமிட்டியது. திரையில் மஞ்சள் உறைகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. அவர் ஒன்றைத் திறந்தார். குட்டிக் குட்டிக் கட்டங்களாகப் படங்கள் நிரம்பிக்கொண்டே போயின. ஒன்றிலும் ஓட்டை இல்லை. காந்தம் எதையும் தின்றிருக்கவில்லை. நான் அவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டேன்; அது எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

வீட்டம்மா சோபாவில் மகனை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். "இதோ, இதோ, கொஞ்சம் நில்லு" என்றார். வாயைக் கையால் மூடிக்கொண்டார். அழுதார். நடுவில் சிரிக்கவும் செய்தார். நான் சிமிட்டுகிற விளக்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அம்மா சமையலறை வாசலிலேயே நின்றாள். அங்கிருந்து பார்த்தால் லேப்டாப்பின் முதுகுதான் தெரியும்.

கிளம்பும்போது வீட்டம்மா வாசல்வரை வந்தார். "பெட்டிய உன் தம்பியே வெச்சுக்கட்டும். அந்த மனுஷனுக்கும் பாட்டுன்னா உயிர்" என்றார். அம்மாவின் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினார். "நாளைக்குச் சீக்கிரம் வந்துடு. வேலை நிறைய இருக்கு."

நாளைக்கு வா என்று சொன்னதில் அம்மாவுக்கு எல்லாமே திரும்பக் கிடைத்துவிட்டது. தெருமுனைவரை அடக்கமாக நடந்தவள், திரும்பியதும் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வேகமாக நடந்தாள். நான் ஓட வேண்டியிருந்தது.

பாலத்தில் ஏறியபோது காற்று எங்களை ஒரு பக்கமாகத் தள்ளியது. பாதிப் பாலத்தில் பாட்டு கேட்டது. காற்று வந்தால் பெரிதாகவும், போனால் சின்னதாகவும், ஆற்றின் மேல் மிதந்து வந்தது. கூழ் வாங்க வரிசையில் வரச் சொல்லி மாமா மைக்கில் பேசுவதும் கேட்டது. பேசத் தேவையில்லாதபோதும் பேசினார். அம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். அன்று காலையிலிருந்து அவள் எதிலாவது சாய்ந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"நீ திரையண்டயே நின்னுகினு இருந்தியே" என்றாள். "அதுல நான் எங்கனா கீறனா?"

"நான் போட்டோ பாக்கலம்மா. டிஸ்க்கு ஓடுதா இல்லியான்னுதான் பாத்துகினு இருந்தேன்."

"அந்தத் தம்பிக்கு ஏழு வயசுல பொறந்த நாளு. எல்லாரையும் நிக்க வச்சு ஐயாதான் எடுத்தாரு. நீயும் வாம்மான்னு என்னியும் கூப்ட்டாரு. தம்பிக்குப் பின்னால நின்னேன்."

"அப்போ இருக்கும்மா" என்றேன். எனக்குத் தெரிந்ததை அவளுக்கு விளக்கக் கிடைத்த வாய்ப்பு அது. "யாராச்சும் அழிச்சாத்தான் அழியும். இல்லாட்டி எவ்ளோ வருசம் ஆனாலும் அப்பிடியேதான் இருக்கும். கரண்ட் போனாக்கூட." உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு தட்டு இருப்பதையும், அது சுற்றுவதையும், காந்தத்தால் எழுதுவதையும் சொன்னேன். ஸ்பீக்கரைப் பார்த்து நான் பயந்த கதையையும் சொன்னேன். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

நான் சொல்லி முடித்த பிறகு, ஆற்றைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்கு மாம்பழக் கலர்ல ஒரு பொடவ கட்டிகினு இருந்தேன்" என்றாள்.

அவ்வளவு நேரம் நான் டிஸ்க்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, இவள் எதற்குப் புடவையின் நிறத்தைச் சொல்கிறாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. கூழ் தீர்ந்துவிடும் என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.